வாணியின் கருத்தரங்குக்குத் தண்ணீர் கொண்டுபோனோம்

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைக் கேட்டீர்கள்: "மாமா, வாணி அக்கா எப்போதான் படிச்சி முடிக்கும்?" நம் கோலியனூர்த் தெருவில் பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்தாவதோடு நின்றவன் நான். என் குட்டியானை வண்டியில் யார் எந்தச் சுமையை ஏற்றினாலும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவேன், அவ்வளவுதான் தெரியும். ஆனால் என் மகள் படிக்கிற இடத்துக்கே ஒரு சுமை கொண்டுபோக வேண்டி வந்தது. போன இடத்தில் சில நாள் தங்கும்படியும் ஆயிற்று. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். படித்தவர்கள் சொல்வது போல இருக்காது, ஆனால் பொய் இருக்காது.

வாணி படிப்பது வேதிப்பொறியியல். திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கேதான். மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உரித்தபின் தோலை நாம் என்ன செய்வோம்? அடுப்பில் போடுவோம், இல்லையென்றால் குப்பையில் கொட்டுவோம். அவள் அந்தத் தோலைக் காற்றுப் படாமல் கருக்கி, ஏதேதோ செய்து, ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்திருக்கிறாள். துருத் தண்ணீரை மேலே ஊற்றினால் இரும்பை எல்லாம் அந்தக் கரி பிடித்துக்கொண்டு கீழே நல்ல தண்ணீராக விட வேண்டும். இதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அதைப் பெரியவர்கள் முன்னால் நின்று சொல்லி, அவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதற்குக் கருத்தரங்கு என்று பெயர். அங்கே எல்லோரும் செமினார் என்றுதான் சொல்கிறார்கள். போன தடவை அவள் பேசியபோது, "நீ ஆய்வகத்தில் கலக்கிய இரும்புத் தண்ணீரில் செய்து காட்டினாய், சரி. நிஜமான ஒரு கிணற்றுத் தண்ணீரில் செய்து காட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இந்தத் தடவை காட்டியே ஆக வேண்டும். கேள்வி கேட்க வெளியிலிருந்து வருகிற பேராசிரியர் அடுத்த மாதம் வெளிநாடு போகிறார், எப்போது திரும்புவாரோ தெரியாது. அதனால் இதில் தவறினால் வாணியின் படிப்பு எவ்வளவு தள்ளிப்போகும் என்று யாருக்கும் தெரியாது.

"அப்பா, அஞ்சலை சித்தி வூட்டு போர் தண்ணிதாம்பா கரெக்டா இருக்கும். வண்டியில கேன் ஏத்தி எடுத்தாந்துடு" என்று போனில் சொன்னாள். அஞ்சலை என் மனைவி கஸ்தூரிக்குச் சித்தப்பா மகள். வானூருக்கும் மயிலத்துக்கும் நடுவில் உள்ளே தள்ளி ஒரு ஊரில் இருக்கிறாள். ஊரின் பெயரை இப்போது சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

அவள் வீட்டுப் போர் தண்ணீர் குழாயில் வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் குடத்தில் கிடந்தால் சிவந்துவிடும். சோறு வடித்தால் செங்கல் நிறம். வெள்ளைச் சட்டை இரண்டு துவைப்பில் மஞ்சள். டீ போட்டால் மை மாதிரி கறுத்துப்போகும். அதனால் அந்த ஊரில் வந்தவர்களுக்குக் கேன் தண்ணீர்தான் கொடுப்பார்கள். தாங்கள் எதைக் குடித்தாலும் விருந்தாளிக்குப் போர் தண்ணீர் கொடுத்தால் அது பெரிய குறை.

காலையில் நீலக் கேன்களை அடுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். "வா மாமா! அக்கா வரலையா? ஒண்டியா வந்துட்டியே, அக்கா தொரத்தி உட்டுட்டாளா?" என்று அஞ்சலை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். பெரிய பெரிய பேராசிரியர்கள் எல்லாம் அவள் வீட்டுத் தண்ணீரைப் பார்க்கப் போகிறார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"நீ குந்து மாமா. இட்லி துன்னுட்டுப் போ. கேனுங்கள நான் ரொப்பி வைக்கிறேன்" என்றாள். இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் சாப்பிட்டேன். டீ நல்ல சிவப்பாக இருந்தது. குடித்து முடிப்பதற்குள் கேன்கள் மூடி இறுக்கி வண்டியில் ஏறியிருந்தன. இவ்வளவு நல்ல மனசு யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டே கிளம்பினேன். நல்ல மனசுதான், அதில் சந்தேகமே இல்லை.

மத்தியானம் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தேன். வாணியின் துறையில் நுழைந்ததும் முதலில் ஆவி வாசனை. பெரிய கூடத்தில் தரையிலிருந்து கூரை வரைக்கும் குழாய்கள். ஒரு பக்கம் கொதிக்கிறது, ஒரு பக்கம் குளிர்கிறது, நடுவில் ஒரு பையன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே நிற்கிறான். விழுப்புரத்தில் நான் சுமை இறக்கும் அரிசி ஆலையும் இப்படித்தான், ஆவியும் இரைச்சலுமாக இருக்கும். அங்கே வேலை முடிந்தால் மூட்டை வெளியே வரும். இங்கே வேலை முடிந்தால் என்ன வரும் என்று கேட்டேன். "கேள்வி வரும்பா" என்றாள் வாணி.

கேன்களை இறக்க ஓர் உயரமான இளைஞர் ஓடி வந்தார். பெயர் தெஸ்பாயே. எத்தியோப்பியா நாட்டிலிருந்து வந்து வாணி கூடவே ஆராய்ச்சி செய்கிறார். "அப்பா, வணக்கம், சாப்ட்டியா?" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அதுதான். இரவு தங்க அவர் அறையிலேயே எனக்கு ஒரு கட்டில் ஏற்பாடு செய்தார்.

கஸ்தூரி கட்டிக் கொடுத்த கேப்பைக் களியும் கீரைக் கடைசலும் என்னிடம் இருந்தன. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் அதைப் பிரித்தேன். வெளிநாட்டுக்காரர் எங்கே இதைத் தொடப்போகிறார் என்று தயங்கியபடி நீட்டினேன். ஒரு வாய் போட்டதும் எழுந்தே நின்றுவிட்டார். ஆங்கிலத்தில் படபடவென்று பேசினார். வாணி சொன்னாள்: "இந்தத் தானியம் அவங்க ஊருலயும் இருக்குதாம்பா. டகுசான்னு பேராம். அவங்க அம்மா இதுலதான் ரொட்டி சுடுவாங்களாம்."

அடுத்து நடந்ததுதான் எனக்குக் கூச்சம். அவர் களியில் ஒரு துண்டு எடுத்து, கடைசலில் தோய்த்து, நேராக என் வாயருகே கொண்டுவந்துவிட்டார். சுற்றிலும் அத்தனை பிள்ளைகள் பார்க்கிறார்கள். நமக்கெல்லாம் குழந்தையில் அம்மா ஊட்டுவாள், அதோடு சரி. நான் பின்னால் சாய்ந்தேன். வாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "வாங்கிக்கோப்பா! மரியாதையானவங்களுக்கு அப்படித்தான் ஊட்டுவாங்களாம் அவங்க நாட்டுல. வேணான்னா வருத்தப்படுவாங்க." வாயைத் திறந்தேன். மீசை வைத்த மனிதனுக்கு ஊட்டிவிட ஆள் கிடைப்பது லேசா? உள்ளுக்குள் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வாணி கேன் தண்ணீரைக் குழாயில் விட ஆரம்பித்தாள். எனக்குத் திரும்ப மனசில்லை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியையை அங்கே எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் என்னைப் பார்த்து, "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு செமினார் கேட்டுட்டுப் போங்களேன்" என்றார். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பாலைப் பொடியாக்குவது பற்றி ஒரு பையன் பேசினான். எல்லாம் ஆங்கிலம். அவன் முடித்ததும் ஒரு பெண் எழுந்து ஏதோ கேட்டாள். அவன் முகம் சுருங்கியது. இன்னொருவன் எழுந்து சத்தமாகக் கேட்டான். இவன் பலகையில் கோடு போட்டான், அவன் வந்து அதை அழித்துவிட்டு வேறு கோடு போட்டான். கைகலப்பு வரப்போகிறது, விலக்கி விடலாமா என்று நான் எழுந்தே விட்டேன். பார்த்தால் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வெளியே வந்து ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்து டீயில் தோய்த்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "இவ்ளோ கேட்டாங்களே, அந்தப் பையனுக்குக் கோவம் வராதா?" என்றேன். மேடம் சொன்னார்: "யாரும் எதுவும் கேக்கலைன்னாதான் சார் அழுவான். யாருமே கவனிக்கலைன்னு அர்த்தம்."

பிள்ளைகளே, என்னை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. டீயைக் கொஞ்சம் மெதுவாகவே குடித்தேன்.

திரும்பி ஆய்வகத்துக்குப் போனால் வாணி முகம் வெளுத்து நிற்கிறாள். இரும்பு இருக்கிற தண்ணீரில் ஒரு மருந்தைச் சொட்டினால் ஆரஞ்சு நிறம் வர வேண்டும். குழாய்க்குக் கீழே வந்த தண்ணீரில் நிறம் வரவில்லை, அது சரி. மேலே ஊற்றுகிற தண்ணீரிலும் வரவில்லை. மருந்துதான் கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கலக்கினாள். அப்போதும் இல்லை. தெஸ்பாயே ஒரு துருப்பிடித்த ஆணியை அமிலத்தில் ஊறவைத்து, அதில் சொட்டிப் பார்த்தார். பளிச்சென்று ஆரஞ்சு. மருந்து நன்றாகத்தான் இருக்கிறது.

வாணி வேறொரு கருவியைத் தண்ணீரில் முக்கினாள். எண்ணைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இது போர் தண்ணியே இல்ல. உப்பே இல்லாம இருக்குது. கடையில விக்கிற கேன் தண்ணி மாதிரி இருக்குது. யாருப்பா புடிச்சது?"

அஞ்சலைக்குப் போன் போட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"ஏம்மா அஞ்சலை, கேன்ல இன்னா தண்ணி ஊத்துன?"

"ஏன் மாமா, கலங்கலா இருந்துச்சா? நல்ல தண்ணியாப் பாத்துதானே ஊத்துனேன்! பெரிய பெரிய ஆளுங்க பாக்கப் போறாங்கன்னு சொன்னியே. அவங்களுக்குப் போயி துருத் தண்ணியவா அனுப்புறது? கடைக்காரன்கிட்ட சொல்லி ஜல்தியா எறக்கி ஊத்துனேன். குடிச்சிட்டு இன்னா சொன்னாங்க?"

தெஸ்பாயேவுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். நல்ல தண்ணீரை நல்ல தண்ணீராக்கி அரை நாள் போய்விட்டது. கருத்தரங்குக்கு முன்னால் ஒரே ஒரு முழு நாள்தான் மிச்சம் இருந்தது.

"அழுது இன்னா ஆவப்போவுது, வண்டியில ஏறு" என்றேன்.

நாங்கள் போனபோது அஞ்சலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாணி பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். அஞ்சலை கேட்டாள், கேட்டுவிட்டுப் போர் மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இந்தத் தண்ணிய குடுக்க மாட்டேன்டி."

"சித்தி, போன தபா சின்ன பாட்டில்ல குடுத்தியே!"

"அது நீ பாக்கறதுக்கு. இது ஊரே பாக்கறதுக்கு. ஞாயித்துக்கெழம என் மவனுக்கு, உன் தம்பிக்குத்தான்டி, பொண்ணு வூட்டுக்காரங்க வீடு பாக்க வர்றாங்க. ஏற்கெனவே ஒரு எடம் வந்து, கொல்லையில கால் கழுவிட்டு, தரையெல்லாம் செவந்து கெடக்குதேன்னு பாத்துட்டு, அப்பிடியே போயிட்டாங்க. பொண்ணு வந்தா அது முடியெல்லாம் கொட்டிப் போயிடும்னாங்களாம். நீ படம் போட்டு, இந்த ஊரு தண்ணி துருன்னு காலேஜுல எழுதி வெச்சிட்டா, அப்புறம் இந்த ஊருல எவனுக்குடி பொண்ணு கெடைக்கும்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பெண் கொடுக்கிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள்தான். எனக்கு எந்தப் பக்கம் பேசுவதென்றே தெரியவில்லை. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மச்சினி.

வாணி அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊர் பேரு சொல்ல மாட்டேன் சித்தி. எழுதவும் மாட்டேன். 'ஒரு கிராமத்து ஆழ்துளைக் கிணறு', அவ்ளோதான். சத்தியமா" என்றாள்.

"யாரு கேட்டாலும்?"

"யாரு கேட்டாலும்."

அஞ்சலை சுவிட்சைப் போட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. "நானும் வருவேன். என் தண்ணிய இன்னாதான் பண்றீங்கன்னு பாக்கணும்."

இந்த முறை வாணியே கேன்களைப் பிடித்தாள். கழுத்து வரைக்கும் வழிய வழிய நிரப்பி, காற்றே இல்லாமல் மூட வேண்டுமாம். காற்றுப் பட்டால் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு துருவாகி அடியில் தங்கிவிடும். "தண்ணிக்கு மூச்சு உட எடம் குடுக்கக் கூடாதுப்பா" என்றாள். சீக்கிரம் கொண்டுபோகவும் வேண்டும்.

சீக்கிரம் போக வேண்டிய நாளில்தான் டயர் கூட்டேரிப்பட்டில் பஞ்சராகும். மாற்றுச் சக்கரத்தில் காற்று இல்லை. முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு வந்த மூன்று பேரும் இறங்கினோம். பஞ்சர் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். "ஐயோ, பேஜாரா போச்சே" என்று நான் குறுக்கும் நெடுக்கும் நடக்க, வாணி ஒரு தார்ப்பாயைப் பிடித்துக் கேன்கள் மேல் வெயில் படாமல் நிழல் கட்டினாள். அஞ்சலை மட்டும் நிதானமாக எதிர்க் கடையில் வறுத்த மல்லாட்டை வாங்கி வந்து உரித்துத் தின்று தோலை ரோட்டில் வீசினாள்.

"சித்தி, தோலை வீசாத! அதுதான் என் படிப்பே!"

"அடிப் பாவி, இதுக்காடி இவ்ளோ வருஷம்? சொல்லியிருந்தா மூட்ட மூட்டயா அனுப்பியிருப்பேனே."

பஞ்சர் கடைக்காரர் வாய் கழுவிக்கொண்டே ஓடி வந்தார். விஷயம் கேள்விப்பட்டதும், வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற லாரி ஓட்டுநர், "பொண்ணு படிப்பு விஷயம், இவங்கள முதல்ல உடு" என்று விலகி நின்றார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இதைப் படிக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் அவருக்கு என் நன்றி.

அடுத்த நாள் முழுவதும் ஆய்வகத்தில் தண்ணீர் சொட்டியது. அஞ்சலை அந்தக் கண்ணாடிக் குழாய் எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுமோ என்று பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாணி அவ்வப்போது கீழே சொட்டும் தண்ணீரைப் பிடித்து மருந்து போட்டாள். மேல் தண்ணீரில் ஆரஞ்சு, கீழ் தண்ணீரில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அஞ்சலை, "வந்துச்சா?" என்பாள். "வரல சித்தி." "வரலைன்னா நல்லதா கெட்டதா?" "நல்லது சித்தி." "அப்போ சிரிச்சிக்கினே சொல்லேன்!"

சாயங்காலம் கரி கொஞ்சம் களைத்துவிட்டது. கீழ் தண்ணீரிலும் லேசாக நிறம் எட்டிப் பார்த்தது. நான் பதறினேன். வாணி பதறவில்லை. எவ்வளவு தண்ணீருக்கு அப்புறம் கரி களைக்கிறது என்று தெரிவதுதான் முக்கியமான விடையாம். அப்போதுதான் ஒரு வீட்டுக்கு எவ்வளவு கரி வேண்டும் என்று கணக்குப் போட முடியுமாம். தோற்கிற இடத்தையும் ஆசையாகக் குறித்துக்கொள்ளும் படிப்பை நான் அங்கேதான் பார்த்தேன்.

கருத்தரங்கு நாள். கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், மூக்குக் கண்ணாடி, சிரிப்பே இல்லாத முகம். கடைசி வரிசையில் நான், என் ஒரு பக்கம் அஞ்சலை, மறுபக்கம் தெஸ்பாயே. வாணி நம் வீட்டில் கட்டிக்கொள்ளத் தெரியாமல் கட்டுகிற அதே பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். பேச்சு புரியாவிட்டாலும் படத்தில் கோடு மேலே போய்த் தட்டையாகிற இடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கேள்வி நேரம் வந்தது. பேராசிரியர் ஒன்று கேட்டார். வாணி பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டார். பதில் சொன்னாள். பிறகு ஒரு சின்னக் கேள்வி கேட்டார். வாணி பதில் சொல்லவில்லை.

அஞ்சலை என் கையைக் கிள்ளினாள். "இன்னாவாம்?"

தெஸ்பாயே குனிந்து தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "எந்த ஊரு தண்ணி, கேக்குது."

வாணி ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னாள். ஊரைச் சொல்வதில்லை என்று கிணற்றுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னாளாம். பேராசிரியர் கோபப்படவில்லை. வாக்கைக் காப்பாற்று, நல்லதுதான், ஆனால் எங்கே எடுத்தது என்று இல்லாத தண்ணீரை வேறு யாரும் போய்ச் சோதித்துப் பார்க்க முடியாதே, அதை ஆய்வில் எப்படிச் சேர்ப்பது என்றாராம். சம்மதம் வாங்கிக்கொண்டு இன்னொரு முறை வரலாமே என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மேடை மேல் என் மகள் ஒரே ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காததுதான். பார்த்தால் சித்தியைக் கேட்பது போல ஆகிவிடும் என்று பார்க்கவில்லை.

தெஸ்பாயே மறுபடி குனிந்தார். "ஊரு பேரு இல்ல, இன்னொரு நாள் வா, சொல்லுது."

அஞ்சலை எழுந்தாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், தட்டிவிட்டாள்.

"ஐயா! அந்த போருக்காரி நான்தாங்க!"

எல்லாத் தலையும் திரும்பியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நல்ல தமிழில், "சொல்லுங்கம்மா" என்றார். அவருக்குத் தமிழ் தெரியும் என்று யார் கண்டது!

"பேரு சொல்லாதன்னு நான்தான் சொன்னேங்க. அது சொன்ன பேச்சக் காப்பாத்திக்கினு வாய மூடிக்கினு நிக்குது. அத நிறுத்தி வைக்காதீங்க. ஆலமேட்டுக்குப்பம்ங்க. வானூருக்கு இந்தாண்ட. எழுதிக்கோங்க. ஊருல எல்லா போரும் இப்படித்தான். யாரு வேணா வந்து புடிச்சிப் பாக்கலாம்."

பிள்ளைகளே, இப்போது நானும் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன். அவள் சொன்ன பிறகு நான் மறைக்க என்ன இருக்கிறது?

பேராசிரியர் எழுதிக்கொண்டார். "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்று அவளையே கேட்டார்.

"கேக்கணுங்க. இந்த கீழ சொட்டுற தண்ணியில டீ போட்டா கறுக்காம இருக்குமா?"

கூடம் சிரித்தது, ஆனால் வாணி சிரிக்கவில்லை. வெளியே வைத்திருந்த பால் கலக்காத டீயைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு கண்ணாடிக் குவளைகள் வைத்தாள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கரி வழியாக வந்த தண்ணீர். இரண்டிலும் டீயை ஊற்றினாள். முதலாவது பார்த்துக்கொண்டிருக்கும்போதே மையாகிவிட்டது. இரண்டாவது சிவப்பாகவே நின்றது. பேராசிரியர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மேடம் பார்த்தார். பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அஞ்சலை கையை நீட்டினாள்.

"குடிக்கக் கூடாது சித்தி!" என்று வாணி கத்தினாள். "இன்னும் வேற சோதனையெல்லாம் பாக்கி இருக்குது. அதுக்கெல்லாம் அப்புறம்தான் குடிக்கறது."

"அதுக்கு இன்னும் எவ்ளோ வருஷம்டி?"

அது எப்படியோ, வாணிக்கு அன்று சம்மதம் கிடைத்துவிட்டது. ஆய்வை எழுதி முடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் மேடம் லட்டுப் பெட்டியை நீட்டினார். தெஸ்பாயே ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்தார். நான் அவருக்கு முந்திக்கொண்டேன். ஒரு துண்டு எடுத்து அவர் வாயில் ஊட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. அவருடைய அம்மாவைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்றோ.

ஊர் திரும்பி வண்டியிலிருந்து இறங்கும்போது அஞ்சலை, "அவசரப்பட்டுட்டேனா மாமா?" என்றாள். "வாணிக்கு நீ பெரிய உதவி பண்ணிட்ட" என்றேன். "அது சரி, ஞாயித்துக்கெழம இன்னா பண்றது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கஸ்தூரியும் வாணியும் போனோம். பெண் வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள், கொல்லையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். அஞ்சலை தட்டில் டீ கொண்டுவந்தாள். எட்டிப் பார்த்தேன். பால் ஊற்றியும் கறுத்துக் கிடந்தது. போர் தண்ணீரிலேயே போட்டுவிட்டாள். கஸ்தூரி என்னைப் பார்க்க, நான் சுவரைப் பார்த்தேன்.

"எங்க ஊரு தண்ணி இதுதாங்க" என்றாள் அஞ்சலை. "ஒளிக்க ஒண்ணும் இல்ல. இதுக்கு ஒரு வழி கண்டுபுடிக்கத்தான் எங்க அக்கா பொண்ணு படிச்சிக்கினு இருக்குது. அதுவரைக்கும் குடிக்க கேன்தான், பொழங்க இதுதான்."

பெண்ணின் அம்மா டம்ளரைக் கையில் எடுத்தார். உற்றுப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அடக்கவே முடியவில்லை அவருக்கு.

"சொல்லிடு, சொல்லிடு" என்றார் அவர் கணவர்.

"சம்மந்தி, போன மாசம் எங்க வூட்டுக்கு வந்தீங்களே, டீ நல்லா இருக்குதுன்னு ரெண்டாவது தபா கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே? அது கேன் தண்ணிங்க. எங்க ஊருலயும் இதே கறுப்புத்தான்!"

அஞ்சலை அப்படியே தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்மந்தி என்று கூப்பிட்டது அவளுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

வாணி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "அப்பா, வண்டியில கேன் இருக்குதா?"

இருந்தன. வீடு பார்த்து முடித்து அவர்கள் ஊர் திரும்பும்போது, பின்னாலேயே எங்கள் வண்டியும் காலிக் கேன்களோடு போனது.